கூத்துக் களத்தில் ஒரு கயிற்றுக் கட்டில்

உத்திரமேரூருக்குக் கல்வெட்டுக் காணச் செல்வோர் பொழுது சாய்வதற்குள் காஞ்சிபுரத்துக்கோ செங்கற்பட்டுக்கோ திரும்பிவிடுவது வழக்கம். நாங்கள் நால்வர் ஒரு கோடையில் சென்றபோது திரும்பவில்லை. ஊருக்குத் தெற்கே சில கல் தொலைவில் திரௌபதி அம்மன் கோயிலொன்றில் பாரதக் கூத்து நடைபெறுவதாகத் தேநீர்க் கடையில் அறிந்தோம். அன்றிரவு கர்ண மோட்சம். விட்டுவிட்டு வர மனம் வருமா?

ஆயினும் எங்களுள் இருவருக்கு அது எளிய செயலன்று. ஒரு நண்பர் குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டவர். வலக்காலில் இரும்புச் சட்டம் பூட்டி ஊன்றுகோலுடன் நடப்பவர். மற்றவருக்கு முதுகெலும்புத் தேய்மானம். அரை மணி நேரம் தரையில் அமர்ந்தால் இடுப்பிலிருந்து குதிகால் வரை வலி இறங்கும். கூத்தோ இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும் வரை நடப்பது. இருக்கை என்பது மண் தரையும் அவரவர் கொண்டுவரும் பாயும்தான்.

பகலில் வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர்களில் முதலாம் பராந்தகனின் கி.பி. 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகளைக் கண்டிருந்தோம். முப்பது குடும்புகள், குடவோலை, போட்டியிடுவோர்க்கு வயது 35 முதல் 70 வரை, நிலம், மனை, கல்வி என்று எத்தனை நுணுக்கமான வரையறைகள்! இளையோர் முதியோர் அனைவரும் அடங்க மகாசபையைக் கூட்ட வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. அதைப் படித்துவிட்டு மண்டபத்தில் அமர்ந்திருந்தபோது கால்சட்டம் அணிந்த நண்பர் கேட்டார்: "அனைவரும் என்றால், நடக்க முடியாதவனை யார் தூக்கி வந்திருப்பார்கள்?" எங்களிடம் விடையில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியைக் கூத்துக் களத்துக்குக் கொண்டு செல்லும் முயற்சி. பாட்டும் கூத்தும் கேட்கத் திரண்ட கூட்டத்தில் நோயுற்றோரும் உடற்குறை உடையோரும் எங்கே இருந்தனர்?

பாடியவர்களின் வலி

பாடியவர்களைப் பற்றி என்றால் வரலாறு தாராளமாகவே பேசுகிறது. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசரைத் திருவதிகைக்கு இழுத்து வந்தது சூலை நோய். வயிற்றைக் குடைந்த அவ்வலியிலிருந்தே அவருடைய முதற்பதிகம் பிறந்தது என்கிறது பெரியபுராணம். சுந்தரர் பார்வையிழந்து திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றதும், காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றதும் நாம் அறிந்த கதையே. கோலூன்றித் தொண்டை நாட்டுச் சாலைகளில் நடந்த அந்தப் பயணத்தைப் புராணம் விரிவாகவே சொல்கிறது.

இன்னும் நெருக்கமான சான்று இரட்டைப் புலவர்கள். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். கண்ணுள்ளவர் தோளில் அமர்ந்து வழிகாட்ட, காலுள்ளவர் சுமந்து நடந்தார் என்பது மரபு. வெண்பாவின் முதலிரண்டு அடிகளை ஒருவர் சொல்ல, மற்றவர் முடித்து வைப்பாராம். பதினான்காம் நூற்றாண்டினராகக் கருதப்படும் இவர்கள் காஞ்சியின் ஏகாம்பரநாதர் மீது உலா பாடினர். தில்லைக்கும் திருவாமாத்தூருக்கும் கலம்பகம் பாடினர்.

தமிழ்நாட்டுக்கு வெளியிலும் இதே நிலைதான். அமெரிக்கக் கிராமிய இசையின் பெரும்பெயரான ஹாங்க் வில்லியம்ஸ் பிறவியிலேயே முதுகெலும்புக் குறையுடையவர். ஓயாத முதுகுவலியோடு மேடை மேடையாகப் பாடியவர், 1953 ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் ஒரு நிகழ்ச்சிக்குக் காரில் செல்லும் வழியில் 29 வயதில் இறந்தார். அவருடைய முதுகைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். அவர் பாட்டைக் கேட்க வலியோடு மரப்பலகையில் அமர்ந்திருந்தவனைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சிலவே. பாடியவனின் வலி காவியமாகிறது. கேட்டவனின் வலி கணக்கில் வருவதில்லை.

கண்காட்டுவார்

கேட்போரைத் தேடிப் போனால் கல்வெட்டுகளிலும் அவர்கள் நேராகக் கிடைப்பதில்லை. ஆனால் ஓர் அரிய சான்று நம்மை நிறுத்துகிறது. விழுப்புரத்தை அடுத்த அதே திருவாமாத்தூர்க் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, திருப்பதியம் பாடப் பார்வையற்றோர் பதினாறு பேருக்கு வழிவகை செய்கிறது. அத்துடன் நிற்கவில்லை. அவர்களுக்குக் 'கண்காட்டுவார்' இருவருக்கும் சேர்த்தே நெல் ஒதுக்குகிறது.

இந்த இரண்டாவது ஒதுக்கீடுதான் நமக்கு முக்கியம். பாடும் திறன் உடையவரை அமர்த்தினால் மட்டும் போதாது, அவர் சந்நிதிக்கு வந்துசேர ஒரு கை வேண்டும், அந்தக் கைக்கும் கூலி வேண்டும் என்று எவரோ ஒருவர் எண்ணியிருக்கிறார். தானம் செய்தவர் மனத்தில் இரக்கம் இருந்ததோ இல்லையோ, கணக்கு இருந்தது. இரக்கம் ஒரு நாளில் மறந்துபோகும். கல்லில் வெட்டிய நெல் மறந்துபோவதில்லை. இன்று அணுகல் வசதி என்று நாம் சொல்வதன் வேர் இவ்வொரு சொல்லில் இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது.

முதல் கேட்பாளன்

கூத்துக்கு வருவோம். தொண்டை நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் பாரத விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பிரசங்கியார் கையாளும் நூல் வில்லிபுத்தூரார் பாரதம். அவரை ஆதரித்த வக்கபாகை வரபதி ஆட்கொண்டானையே இரட்டைப் புலவர்களும் பாடினர் என்பது மரபு. ஊமத்தம்பூ வடிவில் குழல் முடியும் முகவீணை, மத்தளம், ஆர்மோனியம், தாளம் ஆகியவை பின்பாட்டுக்காரர்களுடன் களத்தின் ஒரு பக்கத்தில் அமையும். தலைக் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் மரத்தாலானவை. இதனாலேயே கட்டைக்கூத்து என்ற பெயரும் வழங்குகிறது.

நா. முத்துசாமி போன்றோர் எழுபதுகளில் புரிசையின் கூத்தைக் கண்டு எழுதிய பின்னரே நகர்ப்புற இலக்கிய வாசகர்கள் இதைத் திரும்பிப் பார்த்தனர். 1990 இல் கட்டைக்கூத்துச் சங்கம் தோன்றியது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை அதன் குருகுலம் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்புடன் கூத்தையும் கற்பித்தது. இவற்றைப் பற்றியெல்லாம் நண்பர்கள் பலரும் எழுதியுள்ளனர். எழுதப்படாதது ஒன்றுண்டு. இந்தப் பாரதத்தின் முதல் கேட்பாளனே உடற்குறை உடையவன்தான்.

திருதராட்டிரனைச் சொல்கிறோம். குருக்ஷேத்திரத்துக்குச் செல்ல இயலாமல் அத்தினாபுரத்தில் அமர்ந்து, சஞ்சயன் சொல்லச் சொல்லப் பதினெட்டு நாள் போரையும் செவியால் கண்டவன் அவன். களத்துக்குப் போக முடியாதவனுக்குக் களத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த சஞ்சயனும் ஒரு கண்காட்டுவாரே. அவனுடைய தீமைகளை நாம் மறுக்கவில்லை. கேட்பதற்கு அவனுக்கு ஒருவர் வாய்த்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

விழாவின் இறுதியில் வரும் படுகளமும் அவ்வாறே. பதினெட்டாம் போரின் முடிவில், தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனைப் பெரிய மண் உருவமாகத் தரையில் செய்து வைத்திருப்பர். ஊரே அதைச் சுற்றி நிற்கும். எழ முடியாத, வலியில் கிடக்கும் ஓர் உடல்தான் விழாவின் நடுவே இருக்கிறது. அதைப் பார்க்க எழுந்து வர முடியாதவர்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றனர்.

திண்ணையும் கூம்பு ஒலிபெருக்கியும்

அவ்வாறு வீட்டிலிருந்தோர் கூத்தை முற்றிலும் இழந்துவிடவில்லை. அன்றிரவு எங்களுக்கு அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், தம் தாயார் கடைசி நான்கு ஆண்டுகள் படுக்கையில் இருந்தபோதும் பாரதம் முழுவதையும் கேட்டதாகச் சொன்னார். கோயில் வேப்பமரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியின் வாயை அவர்கள் தெருப்பக்கம் திருப்பி வைக்கச் சொல்வாராம். காலையில் மகன் வந்தால், நேற்று துச்சாதனன் வேடக்காரனுக்குக் குரல் கட்டியிருந்ததே என்று அந்தம்மாள் கேட்பாராம்.

ஆனால் அதே ஒலிபெருக்கி வேறொரு வீட்டு நோயாளியின் உறக்கத்தைப் பறித்திருக்கும் என்பதும் உண்மை. 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. திருவிழாக்களுக்காக ஆண்டில் பதினைந்து நாட்களுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவு வரை மட்டுமே, மாநில அரசு விலக்கு அளிக்கலாம். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு நள்ளிரவு என்பது பாதிவழி. ஒரு நோயாளியின் அமைதிக்கும் இன்னொரு நோயாளியின் செவிக்கும் இடையிலான இவ்வழக்கில் எவர் பக்கம் நிற்பது என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு.

இவர்கள் எண்ணிக்கையில் சிறியவர்களும் அல்லர். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் உடற்குறை உடையோர் 2.68 கோடி, அவர்களுள் நூற்றுக்கு அறுபத்தொன்பது பேர் சிற்றூர்வாசிகள். தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். 2007 இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் முப்பதாவது பிரிவு பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதை உரிமை என்கிறது. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29 ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. சட்டம் அரங்கங்களை எண்ணி எழுதப்பட்டது போலும். வேலிகாத்தான் முள் வெட்டிய மைதானத்தில் சாய்தளத்தை எங்கே கட்டுவது?

அன்றிரவு

களத்தை அடைந்தபோது மணி பத்தரை. கால்சட்ட நண்பர் மணலில் ஊன்றுகோல் புதையப் புதைய நடப்பதைக் கண்ட ஓர் அம்மையார், "இன்னாத்துக்குக் கீழ குந்தற தம்பி? இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் இரு இளைஞர்கள் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தலைமேல் சுமந்து வந்து, எவர் பார்வையையும் மறைக்காதபடி களத்தின் ஓரத்தில் போட்டனர். "எங்க தாத்தா கட்டிலு சார். அவரு இருந்தவரைக்கும் இங்கதான் போடுவோம்" என்றான் ஒருவன்.

அந்த ஒரு சொல்லில் எங்கள் கேள்விக்கு விடை இருந்தது. கல்வெட்டில் தேடியவர் கட்டிலில் இருந்திருக்கிறார். இரு நண்பர்களும் மாறி மாறி அதில் சாய்ந்தும் படுத்தும் கூத்துக் கண்டனர். பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் இடத்தில் முகவீணை எழுந்தபோது, முதுகுவலி நண்பர் எழுந்து நின்றேவிட்டார். வலி போய்விட்டதா என்று கேட்டோம். "போகவில்லை. ஆனால் கவனிக்க வேறொன்று கிடைத்துவிட்டது" என்றார். குருவின் உறக்கம் கலையக் கூடாதென்று, வண்டு தொடையைத் துளைத்தபோதும் அசையாதிருந்தவன் கர்ணன். அக்கதையை எல்லோரும் பொறுமைக்குச் சான்றாகச் சொல்வதுண்டு. அன்று அது எங்களுக்கு வேறு விதமாகப் பட்டது. அந்தப் பொறுமைக்கு அவன் பெற்ற பரிசு சாபமல்லவா? வலியை மறைத்து அமர்ந்திருப்பதை ஏன் ஒரு தகுதியாக்க வேண்டும்?

கதையை இனிமையாகவே முடித்துவிடவும் இயலாது. அந்தக் களத்தில் கட்டில் ஒன்றுதான் இருந்தது. ஊர்ப் பெண்களில் உடற்குறை உடைய எவரையும் அன்றிரவு நாங்கள் காணவில்லை. அடுத்த நாள் நண்பர் இருவருக்கும் மருந்தும் படுக்கையும் தேவைப்பட்டன. முதுகுவலி நண்பர் மூன்று நாள் அலுவலகம் செல்லவில்லை. ஓர் இரவுக்கு அவர்கள் கொடுத்த விலை அது. மறுபடியும் வருவீர்களா என்றதற்கு இருவருமே தயங்காமல் ஆம் என்றனர்.

பாரத விழாவுக்கு ஊர்தோறும் வரி பிரிக்கின்றனர். கூத்துச் சமாவுக்கு, பந்தலுக்கு, பூவுக்கு, வாணத்துக்கு என்று கணக்கு எழுதுகின்றனர். அந்தக் கணக்கில் நான்கு கட்டிலுக்கும், வீட்டிலிருந்து அழைத்து வர ஒரு வண்டிக்கும் ஒரு வரி சேர்ந்தால் போதும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் திருவாமாத்தூரில் அதை எழுதத் தெரிந்திருந்தது. உத்திரமேரூர்ப் பக்கம் வரும் கோடையில் கூத்துக் காணச் செல்லும் வாசக நண்பர்கள், உடன் வர இயலாதென்று தாங்களே முடிவு செய்து விட்டுவைத்த ஒருவரை முதலில் கேட்டுப் பாருங்கள். கட்டில் எங்கு கிடைக்கும் என்பதை அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள்.