மிளகாய் மேல் போட்ட பழி

ஸ்ரீரங்கத்தில் நாலு பெரியவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் வயிற்றில் வந்து நிற்கும். கேஸ் டிரபிள், பித்தம், புளிச்ச ஏப்பம், நெஞ்செரிச்சல் என்று பெயர் மட்டும் மாறும். வைத்தியமும் கையோடு இருக்கும். சீரகத் தண்ணீர், மோர், இல்லாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஜெலுசில். காரணம் கேட்டால் ஒரே பதில்தான்... காரம், கவலை, நேரத்துக்குச் சாப்பிடாதது. இது திருச்சிக்காரர்கள் மட்டும் சொன்னதல்ல. உலகம் முழுக்க டாக்டர்களே பல தலைமுறைகளாக இதைத்தான் சொன்னார்கள்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. திருச்சிக்குத் தெற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது நெய்யூர். அன்றைக்கு அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கிருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் ஹோவார்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேய சர்ஜன். 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர்! 1924ல் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் சுமார் 28,000 அடி வரை போனார். அப்படிப்பட்டவர் லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு நெய்யூரில் தங்கியதற்குக் காரணம், அங்கே வைத்தியத்துக்குக் காத்துக் கிடந்த கூட்டம்தான்.

அந்தக் கூட்டத்தில் வயிற்றுவலிக்காரர்கள் ஏராளம். சிறுகுடலின் தொடக்கத்தில் புண். இரைப்பையைச் சிறுகுடலோடு வேறொரு இடத்தில் இணைத்துத் தைப்பதுதான் அன்றைய ஆபரேஷன். 1936ல் சாமர்வெல்லும் ஐ.எம். ஓர் என்ற டாக்டரும் 2,500 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்னொரு பக்கம், குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக் கிழங்கு சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கும் வயிற்றுப்புண் வந்தது. 1960களில் ரயில்வே டாக்டர் மல்ஹோத்ரா, அரிசி சாப்பிடும் தெற்கில் அல்சர் அதிகம், கோதுமை சாப்பிடும் வடக்கில் குறைவு என்று எழுதினார். எல்லோரும் தட்டில் இருப்பதையே பார்த்தார்கள். புண்ணுக்குள் ஒரு கிருமி இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு அமிலத்தில் எது உயிரோடு இருக்கும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை.

1979ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் இரைப்பைச் சதையில் வளைந்த பாக்டீரியாக்களைக் கண்டார். 1982 ஈஸ்டர் விடுமுறையில் பரிசோதனைத் தட்டுகள் வழக்கத்தைவிட அதிக நாள் அப்படியே கிடக்க, கிருமி வளர்ந்துவிட்டது. யாரும் நம்பாததால் 1984ல் பாரி மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு. கிருமியின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றி, மருந்து கொடுக்காவிட்டால் பல பத்தாண்டுகள் தங்கிவிடும். நிறைய பேருக்கு எந்தத் தொந்தரவும் தராது. ஆனால் சிலருக்கு அல்சரையும், சிலருக்குப் புற்றுநோயையும் கொண்டுவரும்.

அதற்காகச் சாப்பாட்டை முழுக்க விடுவிக்கவும் முடியாது. கிருமி வடக்கிலும் பரவலாக இருக்கிறது. பிறகு ஏன் தெற்கில் அல்சர் அதிகம் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

வயதானவர்களிடம் இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அல்சர் என்றால் வலிக்க வேண்டும் அல்லவா? அறுபது எழுபது வயதில் பலருக்கு வலியே இருப்பதில்லை. ரத்தசோகை, எடை குறைவு, கறுப்பாக மலம் போவது, இவைதான் முதல் அறிகுறியாக இருக்கலாம். மூட்டுவலி மாத்திரையும் இதயத்துக்கான ஆஸ்பிரினும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து இன்னும் கூடும்.

டெஸ்டுகளிலும் வயது குறுக்கே வரும். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியைப் பார்த்தால், எப்போதோ வந்துபோன தொற்றும் பாசிட்டிவ் காட்டும். மூச்சை ஊதிப் பார்ப்பது, மலத்தைச் சோதிப்பது, எண்டோஸ்கோப்பியில் துளி சதை எடுப்பது ஆகியவை நம்பகமானவை. ஆனால் ஒமிப்ரசோல், பாண்டோப்ரசோல் மாத்திரைகள் கிருமியை அடக்கி வைத்து, பொய்யாக நெகட்டிவ் காட்டவைக்கும். அதனால் டாக்டரைக் கேட்டு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆன்டிபயாட்டிக் என்றால் நாலு வாரம். நீண்ட காலத் தொற்றில் இரைப்பையின் உட்சுவர் மெலிந்து கிருமி குறைந்துவிடுவதால், சதையை ஒரே இடத்தில் எடுத்தாலும் தப்பிவிடலாம். வயதானவருக்குப் புதிதாகத் தொந்தரவு வந்தால் டாக்டர்கள் முதலிலேயே எண்டோஸ்கோப்பி பார்க்கச் சொல்வது புற்றுநோயைத் தவறவிடக் கூடாது என்பதால்தான்.

சாமர்வெல் வயிற்றைத் திறந்து தைத்த நோயில், இன்று கிருமி இருக்கிறதா என்பது ஊதினாலே தெரிந்துவிடும். கிருமிதான் காரணம் என்றால் பெரும்பாலும் இரண்டு வார மாத்திரையில் குணமாகும். ஆனால் வீட்டுப் பெரியவர் வருடக்கணக்கில் ஜெலுசிலிலேயே காலம் தள்ளினால் எந்த டெஸ்டாலும் பயனில்லை. மிளகாயைக் குறைப்பதோடு நிறுத்தாமல், ஒருமுறை டாக்டரிடம் அழைத்துப் போவது நல்லது.