வேப்பெண்ணெய்க்கு வந்த வழக்கு

ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சாம்பல் நோயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இலை மேல் மாவு தூவின மாதிரி படியும் பூஞ்சணம் அது. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி அடிப்பது பழகிப்போன வைத்தியம். அந்த வைத்தியத்துக்கு அயல்நாட்டார் உரிமை கொண்டாடிய கதை தெரியுமோ?

1942-லேயே சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்ற கசப்புப் பொருள்களைப் பிரித்துக் காட்டிவிட்டார். அப்படியிருந்தும் 1994 செப்டம்பரில், வேப்பெண்ணெயால் செடிகளின் பூஞ்சணத்தை ஒழிக்கும் முறைக்கு அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனியும் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கின. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பெனிக்காக வேப்பங்கொட்டை அரைத்த ஆலை நம் எல்லைக்கு அந்தப்புறம், கர்நாடகத்துத் தும்கூரில்தான் இருந்தது!

1995-ல் வந்தனா சிவா முதலானோர் எதிர்ப்பு மனு போட்டார்கள். "எங்க பாட்டிக்கே தெரியுமே" என்றால் மட்டும் காப்புரிமை அலுவலகம் கேட்குமா? விண்ணப்பத்துக்கு முன்பே பொதுவில் நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். அபய் பட்கே என்ற இந்தியத் தொழிலதிபர், 1985, 86-லேயே மகாராஷ்டிர வயல்களில் வேம்புச் சாற்றை அடித்துப் பார்த்ததைச் சாட்சியாகச் சொன்னார். அதுதான் கை கொடுத்தது. 2000 மே 10 அன்று மியூனிக்கில் காப்புரிமை ரத்தானது. கம்பெனி விடவில்லை, மேல்முறையீடு செய்தது. 2005 மார்ச் 8-ல் அதுவும் தள்ளுபடி.

இதற்கிடையே 2001-ல் இந்தியா பாரம்பரிய அறிவு மின்னணு நூலகத்தைத் தொடங்கியிருந்தது. நம் சித்த மருத்துவ நூல்களின் குறிப்புகளும் பின்னால் அதில் ஏறின.