களத்துமேட்டுச் சுதந்திரம்

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். 'எந்தேபாந்தான்ஸ்' என்ற சொல்தான் எனக்கு முதலில் அறிமுகம். அதன் லத்தீன் வேரைப் பார்த்தால், எதையும் பிடித்துத் தொங்காமல் இருப்பது என்று பொருள். தமிழில் அதற்குச் 'சுதந்திரம்' என்றார்கள். நானும் அப்படியே எழுதினேன்.

பிறகு குமாஸ்தா வேலையில் பழைய கிரயப் பத்திரங்களைப் படிக்க நேர்ந்தது. 'சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள' என்று இருக்கும். காலி மனைக்கு என்ன விடுதலை? அங்கே சுதந்திரம் என்றால் பரம்பரை உரிமை, அவ்வளவுதான்.

இந்தப் பொருளுக்கு வயது அதிகம். 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுச் சீமையில் பார்னார்டு என்ற வெள்ளைக்காரர் சுமார் 2000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அந்தக் காலத்தில் களத்தில் நெல் குவிந்ததும், சர்க்காருக்கும் குடிக்கும் பிரிப்பதற்கு முன்பே, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியான், கணக்குப்பிள்ளை, கோயில் எனப் பலருக்கும் அளந்து ஒதுக்குவார்கள். அந்தப் பங்குக்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். பிச்சை அல்ல, அப்பனுக்குப் பின் மகனுக்கு வரும் உரிமை.

தமிழ் பைபிளைப் புரட்டினால் இது இன்னும் விளங்கும். அதில் வாரிசு என்பவன் 'சுதந்தரவாளி'. விடுதலை பெற்ற நிலையைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'சுயாதீனம்' வருகிறது. இலங்கைத் தமிழர் இன்றும் சுயாதீன ஆணைக்குழு என்றுதான் எழுதுகிறார்கள்.

அந்தக் காலத்தில் எல்லோருக்கும் பங்கு இருந்ததே என்று பெருமைப்படுவோர் உண்டு. எனக்கு அவ்வளவு பெருமை வரவில்லை. அந்த நாவிதர் ஊரை விட்டுப் போனால் பங்கு போயிற்று. மகன் வேறு தொழிலுக்குப் போனாலும் அதே கதிதான். அவருடைய 'சுதந்திரம்'தான் அவரைக் களத்துமேட்டில் கட்டிப்போட்ட கயிறு. பிரெஞ்சுக்காரன் சொல்லில் பார்த்தால், தொங்கிக்கொண்டே இருந்தவர் அவர்.

1908 முதல் 1918 வரை எங்கள் ஊரில் அடைக்கலம் இருந்த பாரதியார் இதே சொல்லை எடுத்து, பரம்பரைப் பங்கே இல்லாதவனும் கேட்கக்கூடிய ஒன்றாக்கினார். நெல் பங்கு என்ற பொருள் மெல்ல மறைந்தது. பத்திரத்தில் மட்டும் பழைய வாசகம் நிற்கிறது. பத்திரம் எழுதும் பையனிடம் ஒருமுறை அர்த்தம் கேட்டேன். "அது எல்லாப் பத்திரத்துலயும் வரும் சார்" என்றான்.