வாழ்க்கைத் துணையின் ஊருக்கு வரும் வெளிநாட்டவரும் வதிவிடப் பதிவும்

வவுனியா – மன்னார் வீதியிலுள்ள பூவரசங்குளம் போன்ற வன்னிக் கிராமங்களுக்கு இன்று வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடன் மருமக்கள் வருவது புதுமையன்று. புலம்பெயர்ந்த நாடுகளில் குடியுரிமை பெற்றவரை மணந்த குடும்பங்கள் உள்ளன. தமிழக முகாம்களில் வாழ்ந்த காலத்தில் இந்தியப் பிரஜைகளை மணந்து ஊர் திரும்பியோரும் உள்ளனர். 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு மீளக் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே அனுபவம் உண்டு. விருந்தினரை வரவேற்று முடிந்ததும் வீட்டாரிடையே எழும் முதற் கேள்வி, "எங்கே பதிய வேண்டும்?" என்பதாகும். கிராம அலுவலரிடம் என்பார் ஒருவர். பொலிஸ் நிலையத்தில் என்பார் மற்றொருவர். எங்குமே தேவையில்லை என்பார் வேறொருவர். இக்குழப்பத்துக்குச் சட்டம் எந்தளவுக்கு விடை தருகின்றது என்பதை நோக்குவது அவசியமாகும்.

வெளிநாட்டவரின் வருகையையும் தங்குதலையும் ஒழுங்குபடுத்துவது 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டமாகும். இலங்கைப் பிரஜை ஒருவரை மணந்திருப்பதனால் மட்டும் ஒருவருக்கு இங்கு தங்கும் உரிமை தானாகக் கிடைத்துவிடுவதில்லை. குறுகிய வருகைக்கு, 2012ஆம் ஆண்டில் அறிமுகமான இலத்திரனியல் பயண அனுமதியின் கீழ் முதலில் 30 நாட்கள் வழங்கப்படுகின்றன. அதற்கு மேலும் தங்க விரும்புவோர், அக்காலம் முடிவதற்கு முன்னரே நீடிப்புப் பெறுதல் வேண்டும். நிரந்தரமாகத் துணையுடன் வாழ வருவோர் வாழ்க்கைத் துணைக்குரிய வதிவிட விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இவ்விசாவும் குறித்த காலத்துக்கே செல்லுபடியாகும். திகதி கடந்தபின் "எனது கணவரின் வீட்டில்தானே இருந்தேன்" எனக் கூறுவது சட்டத்தின் முன் எடுபடாது.

இவ்விசாவுக்கு அடிப்படையான ஆவணம் விவாகப் பதிவுச் சான்றிதழாகும். பலர் இடறுவது இங்கேதான். போர்க்காலத்தில் கோயிலில் தாலி கட்டியதோடு நின்ற திருமணங்கள் வன்னியில் ஏராளம். அவ்வாறே, 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, பதியப்படாமையால் மட்டும் ஒரு நிக்காஹ் செல்லுபடியற்றதாகிவிடாது. ஆயினும் சமூகமும் மார்க்கமும் ஏற்ற திருமணத்தைக் குடிவரவு அதிகாரி சான்றிதழ் இன்றி ஏற்க மாட்டார். எனவே வெளிநாட்டவரை மணந்தோர் முதலில் கவனிக்க வேண்டியது விசா அன்று, விவாகப் பதிவே எனலாம்.

அடுத்தது பொலிஸ் பதிவு. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, பொலிஸார் கோரும்போது வீட்டில் தங்கியிருப்போரின் பட்டியலை வீட்டுக்காரர் வழங்க வேண்டும் என்கின்றது. "கோரும்போது" என்பதே இங்கு கவனிக்கத்தக்க சொல். கோரிக்கை வந்தால் பட்டியலை வழங்குவது வீட்டுக்காரரின் கடமை. ஆனால் இப்பிரிவு வந்த விருந்தினரை நிலையத்துக்கு அழைத்துச் செல்லுமாறு கூறவில்லை.

இந்த வேறுபாடு வன்னி மக்களுக்குச் சிறிய விடயமன்று. "பதிவு" என்ற சொல்லுக்கு இங்கு ஒரு வரலாறு உண்டு. வவுனியாவில் தங்குவதற்கும் நகர்வதற்கும் அனுமதிச் சீட்டுக்காக வரிசையில் நின்ற தலைமுறை இன்றும் வாழ்கின்றது. சிதம்பரபுரம் முகாம் தொடர்பான வழக்கில், 2002ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அந்தச் சீட்டு முறை அடிப்படை உரிமையை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. எனினும் 2014 ஒக்டோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளோர் வடக்கே செல்லப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற வேண்டும் என்ற விதி மீண்டும் வந்தது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பின்னரே நீங்கியது. வெளிநாட்டவர் இலங்கையரை மணப்பதற்குப் பாதுகாப்பு அனுமதி அறிக்கை தேவை எனப் பதிவாளர் நாயகம் திணைக்களம் 2021இல் வெளியிட்ட சுற்றறிக்கை, 2022 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து நடைமுறைக்கு வந்து பலத்த கண்டனத்துக்குள்ளானது. இவை யாவும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தை விடச் சுற்றறிக்கைகளும் வாய்மொழிக் கட்டளைகளுமே குடும்பங்களை அதிகம் அலைக்கழித்துள்ளன.

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை நடமாடும் சுதந்திரத்தைப் பிரஜைகளுக்கே உறுதி செய்கின்றது. வெளிநாட்டுத் துணைவர் அதனைக் கோர முடியாது. ஆனால் 12ஆம் உறுப்புரையின் முதற் பந்தி, சட்டத்தின் முன் சமத்துவத்தை "எல்லா ஆட்களுக்கும்" வழங்குகின்றது. காலியில் தங்கும் வெளிநாட்டு மருமகளுக்கு இல்லாத நடைமுறை பூவரசங்குளத்தில் தங்குபவருக்கு மட்டும் இருக்குமாயின், அதற்கு நியாயம் கூற வேண்டியது அரசின் கடமையாகும்.

பிள்ளைகளின் நிலையும் கவனத்துக்குரியது. முன்னர் தந்தை வழியே கிடைத்த குடியுரிமை, 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் தாய் வழியாகவும் கிடைக்கலாயிற்று. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் பதிவது முறையாகும். தவறினால் தக்க காரணத்தின் பேரில் அமைச்சர் மேலும் காலம் வழங்கலாம். தமிழகத்திலிருந்து திரும்பியோர் இதனைத் தாமதியாது செய்தல் நன்று. பிரஜை ஒருவரின் துணைவர், விண்ணப்பத்துக்கு முன் தொடர்ந்து ஓராண்டு இங்கு வசித்திருந்தால், பதிவு மூலம் குடியுரிமை கோரவும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இடமளிக்கின்றது. எனினும் அதனை வழங்குவது அமைச்சரின் தற்றுணிபுக்குட்பட்டதாகும்.

அயல்நாடான இந்தியாவில், 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் செல்வோர் வந்து 14 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்ற விதி நீண்டகாலமாக எழுத்தில் இருந்து வந்துள்ளது. அங்கு 1939ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் பதிவுச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்விதி கடுமையானதா என்பது வேறு விடயம். யார், எங்கே, எத்தனை நாட்களுக்குள் என்பது எழுத்தில் இருந்தால் வருபவருக்கும் வீட்டாருக்கும் மனக்கிலேசம் குறையும்.

நாட்டுக்குள் யார் வருகின்றார்கள் என்பதை அறியும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த உரிமை எழுத்தில் உள்ள விதியாகவும், மக்கள் படிக்கக்கூடிய மொழியிலும் வெளிப்பட வேண்டும். வெளிநாட்டுத் துணைவர் நிறைவேற்ற வேண்டியவற்றைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் ஒரே தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் பொலிஸ் நிலையத்திலும் காட்சிப்படுத்துவது அரசுக்குப் பெருஞ்செலவான காரியமன்று. வன்னியிலிருந்து பத்தரமுல்லைக்கு அலைய வேண்டிய தேவையையும் இயன்றளவு குறைத்தல் வேண்டும்.

மக்களும் தமது பங்கைச் செய்ய வேண்டும். திருமணத்தைப் பதியுங்கள், விசாத் திகதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், எவரேனும் புதிய பதிவைக் கோரினால் எந்தச் சட்டத்தின் கீழ் எனப் பணிவுடன் வினவி, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அச்சத்தின் பெயராக இருந்த பதிவு, உரிமையின் சான்றாக மாறுவது அவ்வாறுதான்.