வின்ஞினும் ததியும்: இரண்டு பர்மியச் சொற்களின் வரலாறு



யாங்கோனில் சாலையைக் கடக்கும்போது பெரியவர்கள் உங்களிடம் "ததிதா" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கவனமாயிரு என்று பொருள். பர்மிய வேதாகமத்தைத் திறந்தால் 'வின்ஞின்' என்ற சொல்லைக் காண்பீர்கள். பரிசுத்த ஆவியானவரைக் குறிக்க அங்கே இச்சொல்லே வருகிறது. ததி, வின்ஞின் இரண்டும் பாலி மொழியின் ஸதி, விஞ்ஞாணம் என்ற சொற்களிலிருந்து வந்தவை.

விஞ்ஞாணம் என்பது உணர்வு. கண் பார்ப்பதும் காது கேட்பதும் நமக்குத் தெரியவருகிறதே, அதுதான். நாம் முயலாமலே அது நடக்கிறது. ஸதி என்பது விழிப்பு. அதற்கு மனதை ஒன்றின்மேல் நிறுத்தவேண்டும். 'தா' என்றாலே பர்மிய மொழியில் 'வை' என்றுதான் பொருள். 1949-ல் ரங்கூனுக்கு வந்த மகாசி சயாடோ என்ற பௌத்தத் துறவி இந்த ஸதியைப் பழகும் முறையைப் பொதுமக்களுக்கும் கற்பித்தார். நம் வழக்கில் சொல்வதானால், ஆராதனையில் பிரசங்கம் காதில் விழுகிறவருக்கு உணர்வு இருக்கிறது. இன்றைய வசனம் எது என்று கேட்டால் அவர் விழிக்கிறார் என்றால், விழிப்பு இல்லை!

1813-ல் ரங்கூனில் வந்திறங்கிய அதோனிராம் ஜட்சன் ஐயர் வேதத்தைப் பர்மிய மொழியில் பெயர்த்தார். எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் ஆவியைக் குறிக்கும் சொற்களுக்குக் காற்று, மூச்சு என்றும் பொருள் உண்டு. நம் தமிழ் 'ஆவி'யும் அப்படியே. ஜட்சனோ வின்ஞின் என்ற சொல்லை எடுத்தாண்டார். பௌத்தர்களுக்கு விஞ்ஞாணம் கணந்தோறும் தோன்றி மறைவது. நமக்கோ ஆவியானவர் நித்தியமானவர். அண்டை வீட்டாரின் சொல்லிலேயே சுவிசேஷம் புதுப்பொருளைப் பெற்றது. பர்மிய நண்பர்களிடம் பேசும்போது இதை மனதில் வையுங்கள்; ஒரே சொல்லை அவர்கள் வேறுவிதமாய் விளங்கிக்கொள்ளக்கூடும்.

1824-ல் யுத்தம் மூண்டபோது ஜட்சன் ஆவா நகரில் சிறைப்பட்டார். அவருடைய புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் அம்மையார் தலையணைக்குள் வைத்துத் தைத்துக்கொடுத்தார். கைதிகளை வேறிடம் கொண்டுபோனபோது காவலர் அதைப் பிய்த்து எறிந்தார்கள். மவுங் இங் என்ற சீடர் அந்தப் பஞ்சுருளையைத் தம் போதகரின் ஞாபகமாக எடுத்து வைத்தார். உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. மாதங்கள் கழித்துப் பிரித்தபோது பிரதி பத்திரமாக இருந்தது. முழு வேதாகம மொழிபெயர்ப்பு 1834-ல் முடிந்தது.

ஒருவரை நினைத்து ஏங்குவதைப் பர்மியர் 'ததியா' என்பார்கள். நம் தமிழிலும் மயங்கினவருக்கு 'நினைவு தப்பியது' என்கிறோம்; மறந்தவர் முகம் 'நினைவுக்கு வந்தது' என்றும் சொல்கிறோம். இரண்டு மொழிகளும் உணர்வையும் ஞாபகத்தையும் ஒரே சொல்லில் சேர்த்து வைத்திருக்கின்றன.

கெத்செமனே தோட்டத்தில் சீஷர்களுக்கு அன்பு குறையவில்லை; விழித்திருக்கத்தான் முடியவில்லை. உணர்வு தேவன் கொடுத்த ஈவு. விழிப்பையோ நாம் நாள்தோறும் பழகவேண்டும். பிள்ளைகளே, இந்த ஆண்டுவிழாவில் சபையின் மூத்தவர் ஒருவரிடம் போய் உட்காருங்கள். அவர் சிறுவயதில் இங்கே யார் ஜெபம் நடத்தினார்கள், யார் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டு, அந்தப் பெயர்களை எழுதி வையுங்கள்.