பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவல்

பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவல் என்பது, உற்பத்தியாளரின் ஆதரவு முடிந்துபோன கணினிகளில் தற்கால லினக்ஸ் வழங்கலொன்றை நிறுவி, அவற்றை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதைக் குறிக்கும். லினக்ஸ் கட்டற்ற மென்பொருள் ஆதலால் இதற்கு உரிமக் கட்டணம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. எனினும், எந்தப் பழைய கணினியிலும் லினக்ஸ் இயங்கும் என்ற பரவலான கருத்து முழுவதும் சரியன்று.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. ஆழ்வார்திருநகரி போன்ற சிற்றூர்கள் உட்பட மாநிலம் முழுவதும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு இவை வழங்கப்பட்டன. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த இம்மடிக்கணினிகளில், விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் லினக்ஸ், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய வழங்கலாகும். விண்டோஸ் 7இன் ஆதரவு 2020 சனவரியிலும், விண்டோஸ் 10இன் பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிவுற்றன. தொடக்க ஆண்டுகளின் கணினிகள் விண்டோஸ் 11இன் தேவைகளை நிறைவு செய்யாதவை. எனவே, பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களுடன் இவற்றை இயக்க லினக்ஸ் முதன்மையான வழியாக உள்ளது.

நிறுவலுக்கு முன்

நிறுவலின்போது வன்தட்டைப் பிரித்தால் அதிலுள்ள கோப்புகள் அழியக்கூடும். ஆகவே அவற்றை முதலில் வேறிடத்தில் படியெடுத்தல் வேண்டும். விண்டோஸ் இயங்காத கணினியிலும், நிறுவாமலே இயங்கும் நிகழ்வட்டின் வழியாகக் கோப்புகளை மீட்கலாம். வன்பொருள் பொருந்துகிறதா என்பதையும் அதிலேயே அறியலாம்.

செயலிப் பொருத்தம்

32 பிட்டுச் செயலிகளுக்கான ஆதரவு படிப்படியாகக் குறைந்துள்ளது. லினக்ஸ் கரு, 3.8 பதிப்பில் (2013) இன்டெல் 386 செயலியைக் கைவிட்டது. ஆர்ச் லினக்ஸ் 2017இலும், பெடோரா 2019இலும் 32 பிட்டு வடிவங்களை நிறுத்தின. 2025 ஆகத்து மாதம் வெளியான டெபியன் 13இல் 32 பிட்டு நிறுவி இல்லை. டெபியன் 12இல் உண்டு.

விண்டோஸ் 32 பிட்டாக இருப்பதால் செயலியும் அவ்வாறே இருக்கும் எனக் கொள்ளலாகாது. காட்டாக, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டு வடிவில் மட்டுமே வெளிவந்தது. அது 64 பிட்டுச் செயலிகளிலும் நிறுவப்பட்டது. மேலும், பென்டியம் 3 போன்ற செயலிகளில் எஸ்எஸ்இ2 ஆணைத்தொகுதி இல்லாமையால், இயங்குதளம் இயங்கினாலும் தற்கால உலாவிகள் இயங்குவதில்லை.

பொதுவான சிக்கல்களும் தீர்வுகளும்

தொடக்கம்: சில பழைய பயாசுகள் யூஎஸ்பி நினைவியிலிருந்து தொடங்குவதில்லை. இறுவட்டையோ, இறுவட்டிலிருந்து யூஎஸ்பியைத் தொடக்கும் பிளாப் மென்பொருளையோ பயன்படுத்தலாம்.

கருந்திரை: கரு ஏற்றப்பட்டபின் திரை இருண்டுவிடின், வரைகலை இயக்கியே பெரும்பாலும் காரணமாகும். தொடக்கப் பட்டியலில் கருவின் வரியைத் திருத்தி 'நோமோட்செட்' என்ற அளபுருவைச் சேர்த்தால் எளிய வரைகலையில் திரை தோன்றும். இது தற்காலிகத் தீர்வே. பொருத்தமான இயக்கியைப் பின்னர் நிறுவவேண்டும்.

கடிகாரம்: தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்திருந்தால் நாள் பல ஆண்டுகள் பின்னுக்குச் சென்றுவிடும். அப்போது பாதுகாப்பான வலைத்தளங்களின் சான்றிதழ்கள் ஏற்கப்படா. பொதிகளின் பதிவிறக்கமும் தடைப்படும். இதனை இணையக் கோளாறு எனத் தவறாகக் கருதுவோர் உண்டு. நாளைச் சரிசெய்து மின்கலத்தை மாற்றுதல் போதுமானது.

கம்பியில்லா இணைப்பு: பிராட்காம் சில்லுகள் சிலவற்றுக்கு நிலைபொருளைத் தனியே பெறவேண்டும். அதுவரை கம்பிவழி இணைப்பைப் பயன்படுத்தலாம்.

நினைவகம்: 2 கிகாபைட்டு அல்லது அதற்கும் குறைந்த நினைவகமுள்ள கணினிகளுக்கு எக்ஸ்எப்சிஇ, எல்எக்ஸ்கியூட்டி போன்ற எளிய பணிச்சூழல்கள் ஏற்றவை. வன்தட்டுக்கு மாற்றாகத் திண்மநிலை வட்டைப் பொருத்தினால் வேகம் வெகுவாகக் கூடும். இடையிடையே காரணமின்றி நிறுவல் நின்றால், மெம்டெஸ்ட்86+ கொண்டு நினைவகத்தைச் சோதித்தல் நன்று.

பழைய தமிழ்க் கோப்புகள்

ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் ஆவணங்கள் திஸ்கி, டாம், டாப் ஆகிய குறியாக்கங்களில் இருப்பின், புதிய இயங்குதளத்தில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். கோப்புகள் சிதைந்துவிட்டதாக எண்ணி அவற்றை அழித்துவிடலாகாது. குனூ சி நிரலகத்துடன் வரும் 'ஐகான்வ்' கருவி திஸ்கி உரையை ஒருங்குறிக்கு மாற்றும். ஏனையவற்றுக்குத் தனி மாற்றிகள் உள்ளன.

இவற்றையும் பார்க்க

பாஸ் லினக்ஸ்
டெபியன்
கட்டற்ற மென்பொருள்
தமிழ் எழுத்துக் குறியாக்கங்கள்