உஸ்தாதைப் பார்த்துச் சிரித்தவர்கள்

ஆசிரியரின் கண்ணியத்தைப் பற்றிப் பேசும் கிதாபுகள் நம் அலமாரிகளில் நிறையவே உண்டு. ஆசிரியரைக் கேலி செய்யும் கிதாபுகளும் அதே அலமாரியில்தான் இருக்கின்றன. நாம் அவற்றை எளிதில் எடுப்பதில்லை. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவரை மடமைக்கு உவமையாகச் சொல்லும் வழக்கு அக்கால அரபுகளிடம் இருந்தது. பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ், தமது ‘அல்பயான் வத்தப்யீன்’ நூலில் அதை எடுத்துப் பேசுகிறார். எல்லா ஆசிரியர்களையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்றும், கிஸாயீ, குத்ருப் போன்ற இலக்கண மேதைகளும் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்களே என்றும் அங்கேயே எழுதுகிறார். எனினும், ஆசிரியர்களைப் பற்றிய வேடிக்கைக் கதைகளை அவர் விட்டுவிடவுமில்லை.

ஹிஜ்ரி 255-இல் (கி.பி. 868-869) காலமான ஜாஹிழ், வறுமையில் வளர்ந்தவர், இளமையில் பஸராவின் கால்வாய்க் கரையில் ரொட்டியும் மீனும் விற்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அவருடைய பாட்டனார் கறுப்பினத்தைச் சேர்ந்த ஒட்டகக்காரர் என்றும் ஒரு செய்தி உண்டு. ‘ஜாஹிழ்’ என்பது பெற்றோர் இட்ட பெயரன்று; பிதுங்கிய கண்களால் வந்த பட்டப்பெயர். கலீஃபா முதவக்கில் தம் மகனுக்கு ஆசிரியராக அமர்த்த அவரை வரவழைத்தார். முகத்தைப் பார்த்ததும் மனம் மாறி, 10,000 திர்ஹம் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். இதைப் பிறர் அவரைப் பழித்துச் சொல்லவில்லை. அவரே சொல்லிச் சிரித்த கதை இது.

அவர் வெறுமனே சிரிக்க வைத்தவரல்லர். வெள்ளையரைவிடத் தமக்குள்ள பெருமைகளைக் கறுப்பினத்தார் எடுத்துரைப்பதாக ஒரு தனி நூலே எழுதினார். அது விளையாட்டா, வினையா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். பஸராவைச் சுற்றியிருந்த உவர் நிலங்களில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் உப்பு மண்ணை வாரிக்கொண்டிருந்த காலம் அது. ஜாஹிழ் மறைந்த அதே ஹிஜ்ரி ஆண்டில் அவர்களுடைய கிளர்ச்சி வெடித்தது. அடங்க 14 ஆண்டுகள் ஆயின. அந்த நகரில் நிறத்தைப் பற்றி நகைச்சுவையாக எழுதுவது எளிய காரியமாக இருந்திருக்காது.

பின்னர், ஹிஜ்ரி 597-இல் (கி.பி. 1201) காலமான பக்தாதின் இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள், மடையர்களைப் பற்றி ஒரு நூல் தொகுத்தார்கள். அதில் காழிகள், இமாம்கள், முஅத்தின்கள், பயான் செய்பவர்கள் ஆகியோருடன் ஆசிரியர்களுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்கள். அவர்களே பெரும் பயான்காரர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தம் கூட்டத்தாரை விட்டுவிட்டுப் பிறரைப் பார்த்து அவர்கள் சிரிக்கவில்லை.

அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டு மூன்று முஸ்லிம்கள் மேடையேறியதை இந்தத் தொடர்ச்சியில் வைத்தே நாம் பார்க்கிறோம். இஸ்லாத்தைத் தழுவிய கறுப்பினத்தவரான பிரீச்சர் மாஸ், சிகாகோவில் பிறந்த இந்திய வம்சாவளியினரும் சட்டம் படித்தவருமான அஸ்ஹர் உஸ்மான் ஆகியோர், இன்னொரு கலைஞருடன் ‘அல்லாஹ் மேட் மீ ஃபன்னி’ என்ற பெயரில் ஊர் ஊராகச் சென்றனர். பிறகு சேர்ந்துகொண்டவர் மோ ஆமிர். குவைத்தில் பிறந்த பலஸ்தீனர். வளைகுடாப் போரின்போது அகதியாக டெக்ஸாஸ் சென்ற சிறுவன். 2008-இல் அந்நிகழ்ச்சி திரைப்படமாகவும் வந்தது.

கறுப்பர், இந்தியர், அரபியர் என மூவரும் ஒரே மேடையில் நின்றதன் பொருள் அந்நாட்டுப் பள்ளிவாசல்களை அறிந்தவர்களுக்குப் புரியும். அங்கே இஸ்லாம் முதலில் வந்தது மேற்கு ஆப்பிரிக்க அடிமைகளின் விலங்குகளோடு. 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்திற்குப் பிறகு நம் நாட்டு மருத்துவர்களும் பொறியாளர்களும் பெருமளவில் சென்றனர். தனித்தனிப் பள்ளிவாசல்கள் எழுந்தன. ஒரே ஸஃப்பில் நிற்பவர்கள் பெண் கொடுக்கும்போது நிறம் பார்த்தனர். ஒருவரை அவர் தாயைச் சொல்லி இழிவுபடுத்திய அபூதர் (ரலி) அவர்களிடம், ஜாஹிலிய்யத்தின் குணம் இன்னும் உங்களிடம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்ட ஹதீஸை நாம் மிம்பரில் ஓதுகிறோம். அந்த ஊர்களில் அதை நினைவூட்டும் வேலையில் ஒரு பங்கை நகைச்சுவையாளர்கள் செய்தார்கள். கதீபுகளுக்கு அது சற்று வெட்கம்தான்.

ஆனால், இவர்கள் செய்வதெல்லாம் சரி என்று நாம் எழுதவரவில்லை. மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்தது அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. இவ்விஷயம் 2023-இல் நம் கண்முன்னே நடந்தது. முஸ்லிம் பிள்ளையாக வளர்ந்த வேதனைகளைச் சொல்லிப் புகழ்பெற்ற ஹஸன் மின்ஹாஜ், தமக்கு நேர்ந்ததாக மேடையில் சொன்ன சில நிகழ்ச்சிகள் அப்படியே நடந்தவையல்ல என்று ‘நியூ யார்க்கர்’ இதழிடம் ஒப்புக்கொண்டார். உணர்வளவில் அவை உண்மையே என்றார். அக்கட்டுரை தம்மைத் தவறாகச் சித்திரித்தது என்று பின்னர் மறுப்பும் வெளியிட்டார். உளவாளிகள் பள்ளிவாசல்களுக்குள் அனுப்பப்பட்டது மெய்யாகவே நடந்தது. நடந்த அநியாயத்தோடு நடக்காத ஒன்றைக் கலந்தால், நடந்ததையும் நம்பமாட்டார்கள். ஒட்டகம் கேட்டு வந்தவரிடம் ஒட்டகக் குட்டியைத்தான் தருவேன் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே! அதில் சிரிப்பு இருந்தது, பொய் இல்லை.

சென்ற ரமளானுக்கு முன் ஒரு நாள், வகுப்பறை வாசலை நெருங்கியபோது உள்ளே எமது குரல் கேட்டது. நாமோ வெளியே நின்றிருந்தோம். பத்து வயதுப் பிள்ளை ஒருவன் எமது இருக்கையில் அமர்ந்து, பிரம்பால் பலகையைத் தட்டி, ‘அய்ன்’ எழுத்தைத் தொண்டையின் அடியிலிருந்து இழுத்து, இருமுறை செருமி, சபக் சொல்லாதவனை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எதையும் அவன் கூட்டிச் சொல்லவில்லை. பிரம்பை மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்ததுகூட எமது வழக்கம்தான். நாம் வழக்கம்போல இருமுறை செருமிக்கொண்டு உள்ளே நுழைந்தோம். வகுப்பு முழுவதும் வெடித்துச் சிரித்தது.